கூட்டம் இல்லாத ஆறு நாட்கள்: ஜெபக்குழுத் தலைவர் தம் குழுவினரை விசாரிக்கும் முறை

தென்னிந்தியத் திருச்சபையின் சேகரங்களில் அதைப் பகுதி ஜெபக்குழு என்கிறார்கள். பெந்தெகொஸ்தே சபைகளில் வீட்டுக்கூட்டம் அல்லது செல் குரூப் என்பார்கள். கத்தோலிக்கப் பங்குகளில் அது அன்பியம். பெயர் எதுவானாலும், ஒரே தெருவிலோ குடியிருப்பிலோ உள்ள சில குடும்பங்கள் குறிப்பிட்ட ஒரு மாலையில் கூடிப் பாடி, வேதம் வாசித்து, ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கிறார்கள். இதற்குத் தலைமை ஏற்பவர் பெரும்பாலும் முழுநேர ஊழியர் அல்லர். பகலில் பள்ளியிலோ வங்கியிலோ தையற்கடையிலோ வேலை பார்த்துவிட்டு மாலையில் வேதாகமத்தோடு வருகிறவர். கிடைக்கிற சொற்ப நேரத்தைப் பாட்டுத் தெரிவுக்கும் வேதபாடத் தயாரிப்புக்கும் அவர் செலவிட்டுவிடுகிறார். ஆகவே கூட்டம் குறையின்றி நடக்கிறது. அதே கூட்டத்தில் பாயில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கும் ஒருவர் மூன்று மாதமாக வேலையில்லாமல் இருப்பது மட்டும் யாருக்கும் தெரிவதில்லை. கூட்டத்தை நடத்துவது எப்படி என்று கற்றுத்தரப் பலர் இருக்கிறார்கள். ஆட்களை விசாரிப்பது எப்படி என்பதைப் பற்றியே இங்கே எழுதுகிறேன்.

கூட்டம் முதலில், விசாரிப்பு பிறகு என்ற இந்த வரிசை வரலாற்றிலேயே தலைகீழாகத்தான் தொடங்கியது என்பதை நினைவில் வைப்பது நல்லது. 1742ஆம் ஆண்டு பிப்ரவரியில், இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மெதடிஸ்ட் சங்கத்தார் தங்கள் கட்டடத்தின் மேலிருந்த கடனை எப்படி அடைப்பது என்று கூடிப் பேசினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் கேப்டன் ஃபோய் என்பவர். ஏழைகளால் அது இயலாதே என்று மறுப்பு வந்தபோது, மிகவும் ஏழையான பதினொரு பேரைத் தம் பொறுப்பில் விடும்படியும், வாரந்தோறும் அவர்கள் வீட்டுக்குத் தாமே போவதாகவும், கொடுக்க முடியாதவர்களுக்காகத் தாமே கொடுப்பதாகவும் அவர் சொன்னார். மற்றவர்களும் அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். பணம் வாங்க வீடு வீடாகப் போனவர்கள் அந்த வீடுகளின் நிலையைக் கண்ணால் கண்டு வந்து சொன்னபோதுதான், தமக்கு வேண்டியிருந்தது இந்த ஏற்பாடே என்று மெதடிஸ்ட் இயக்கத் தலைவர் ஜான் வெஸ்லி உணர்ந்தார். மறு ஆண்டு அவர் வெளியிட்ட விதிகளில், தலைவர் தம் வகுப்பிலுள்ள (அந்தச் சிறு குழுவுக்கு அவர்கள் வைத்த பெயர்) ஒவ்வொருவரையும் வாரம் ஒருமுறையாவது கண்டு அவருடைய ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்பது இடம்பெற்றது. வீடு சந்திப்பு முதலில் வந்தது; எல்லாரும் ஓரிடத்தில் கூடுவது அதன்பின் வந்த வசதி.

எத்தனை பேர்?

யாத்திராகமம் 18ஆம் அதிகாரத்தில் எத்திரோ தன் மருமகன் மோசேக்குச் சொன்ன ஏற்பாட்டின் கடைசிப் படி பத்துப்பேருக்கு ஓர் அதிபதி என்பது. வேலைக்குப் போகிற ஒருவரால் உண்மையாக விசாரிக்க முடிவதும் ஏறத்தாழ அவ்வளவுதான். பத்து என்றால் பத்து ஆட்கள்; பத்துக் குடும்பங்கள் என்றால் பிள்ளைகளும் முதியவர்களுமாக அது நாற்பதைத் தாண்டிவிடும். குழு பெருகினால் மகிழ்ச்சியடையலாம்; ஆனால் அப்போதே உதவித்தலைவர் ஒருவரை வைத்து வீடுகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கையைச் சபை ஆண்டறிக்கையில் காட்டுவதற்காகப் பிரிக்காமல் வைத்திருக்கும் குழுக்கள் உண்டு. அவற்றில் ஓரத்தில் இருப்பவர்கள்தான் முதலில் காணாமற்போகிறார்கள்.

நோட்டுப் புத்தகம்

ஒரு சிறிய நோட்டு வாங்கி ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், வேலை என்ன, எந்த ஷிஃப்ட், திருமண நாள், வீட்டில் இறந்தவர்களின் நினைவுநாள், சர்க்கரைக்கோ இரத்த அழுத்தத்துக்கோ தொடர்ந்து மருந்து சாப்பிடுகிறவர் யார், தனியாக வாழ்கிறவர் யார் என்பவற்றைப் பழகப்பழக எழுதி வாருங்கள். படிவம் கொடுத்து நிரப்பச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கடைசியாக அவரோடு தனியே பேசிய தேதி இருக்கட்டும். மாதத்தில் ஒருநாள் புரட்டிப் பார்த்தால், யாரிடம் அடிக்கடி பேசுகிறீர்கள், யாரை இரண்டு மாதமாக மறந்திருக்கிறீர்கள் என்பது தேதிகளிலேயே தெரிந்துவிடும். நமக்குப் பிடித்தமானவர்களையே நாம் சுற்றிச்சுற்றி வருகிறோம் என்ற உண்மையை இந்த நோட்டைப்போல வேறு எதுவும் சொல்லாது. ஆனால் உங்களிடம் இரகசியமாகச் சொல்லப்பட்ட எதையும் அதில் எழுதக் கூடாது. நோட்டு தொலையலாம், வீட்டுப் பிள்ளைகள் எடுத்துப் படிக்கலாம்.

ஒருவரை எப்படித் தொடர்புகொள்ளலாம் என்பதையும் முதலிலேயே கேட்டு வையுங்கள். நம் ஊர்களில் பல குழுக்களில், வீட்டாரில் தாம் மட்டுமே விசுவாசத்துக்கு வந்த பெண்கள் இருக்கிறார்கள். கணவருக்கோ மாமியாருக்கோ முழுவதும் தெரியாமல், பிள்ளையை டியூஷனில் விட்ட நேரத்தில் வந்து போகிறவரின் வீட்டு வாசலில் நான்கைந்து பேர் வேதாகமத்தோடு போய் நின்றால், நாம் செய்தது விசாரிப்பு ஆகாது. அழைக்கலாமா, எந்த நேரத்தில் அழைக்கலாம், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதை அந்தச் சகோதரியே தீர்மானிக்கட்டும்.

கூட்டத்தில் கவனிக்க வேண்டியது

கூட்டத்தை நடத்துகிறவருக்கு முகங்களைக் கவனிக்க நேரமிராது. அதனால் பாட்டை ஒருவரிடமும் வாசிப்பை ஒருவரிடமும் ஒப்படைத்துவிட்டு, நீங்கள் பார்க்கிறவராகவும் கேட்கிறவராகவும் இருங்கள். பாடும்போது சத்தமாகப் பாடிவிட்டு ஜெபக்குறிப்பு கேட்கும்போது தலையைக் குனிந்துகொள்கிறவர், எல்லாருக்கும் குறிப்புச் சொல்லிவிட்டுத் தமக்கென்று எதுவும் கேட்காதவர், வழக்கத்துக்கு மாறாகக் கடைசி ஆளாக வந்து முதல் ஆளாகக் கிளம்புகிறவர் ஆகியோரை மனத்தில் குறித்துக்கொள்ளுங்கள். 'குடும்ப சமாதானத்துக்காக ஜெபியுங்கள்' என்றோ, 'வெளியே சொல்ல முடியாத ஒரு காரியம்' என்றோ ஒருவர் சொல்லும்போது, அங்கேயே 'என்ன காரியம்?' என்று கேட்டுவிடக் கூடாது. 'கர்த்தர் பார்த்துக்கொள்வார்' என்று சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குப் போய்விடவும் கூடாது. அவருக்காக ஜெபித்துவிட்டு மறுநாள் தனியே அழையுங்கள். 'நேற்று நீங்கள் சொன்னதை நினைத்துக்கொண்டே இருந்தேன். பேச விருப்பமிருந்தால் வருகிறேன், இல்லையென்றாலும் தொடர்ந்து ஜெபிக்கிறேன்' என்று சொன்னால் போதும். பெரும்பாலோர் அன்றைக்கே பேசிவிடுவதில்லை. இரண்டாவது, மூன்றாவது தடவை கேட்கும்போதுதான் பேசுகிறார்கள்.

வராதவரை விசாரிப்பதில் சொற்கள் முக்கியம். 'ஏன் வரவில்லை?' என்பது வருகைப் பதிவேடு எடுக்கும் குரல். 'நேற்று உங்களை நினைத்துக்கொண்டோம் அக்கா, வீட்டில் எல்லாரும் சுகமா?' என்று கேட்டால் அவர் காரணத்தைத் தாமாகவே சொல்வார். ஒருமுறை வராவிட்டால் மறுநாளே ஒரு குறுஞ்செய்தி, தொடர்ந்து இரண்டு முறை வராவிட்டால் தொலைபேசி, மூன்றாவது முறை நேரில் என்று ஒழுங்கு வைத்துக்கொள்வது உதவும். தினமும் காலையில் வாட்ஸ்அப் குழுவில் வசனப் படம் அனுப்புவதை நான் விசாரிப்பின் கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்கு 'ஆமென்' என்று பதில் போடுகிறவர் அழுதுகொண்டே போடுகிறாரா என்பது நமக்குத் தெரியாது.

வீடு சந்திப்பு

முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போங்கள். சாப்பாட்டு வேளையையும் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் மாலை நேரத்தையும் தவிர்க்க வேண்டும். ஆண் தலைவர் பெண் மட்டுமே இருக்கும் வீட்டுக்குத் தனியே போகக் கூடாது. மனைவியையோ குழுவிலுள்ள மூத்த சகோதரி ஒருவரையோ அழைத்துச் செல்ல வேண்டும். பெண் தலைவருக்கும் இதே ஒழுங்குதான். இரண்டு பேர் போதும். ஐந்து பேர் போனால் வீட்டார் பேசமாட்டார்கள், உபசரிக்கத்தான் ஓடுவார்கள். வசதியில்லாத வீடுகளில் விருந்தாளியைக் கண்டதும் பிள்ளையைக் கடைக்கு விரட்டி பிஸ்கட்டும் கலரும் வாங்கி வருவது நம் வழக்கம். அது அவர்களுக்கு ஒரு நாள் காய்கறிச் செலவு. 'காபி மட்டும் போதும்' என்று முதல் சந்திப்பிலேயே ஒரு வழக்கத்தை உண்டாக்கிவிடுங்கள். அந்தக் காபியை மட்டும் எந்த வீட்டிலும் மறுக்காதீர்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூட்டத்தை வீடு வீடாகச் சுழற்சி முறையில் வைக்கும் குழுக்களில், எப்போதும் ஏதோ காரணத்தால் விட்டுப்போகும் ஒரு வீடு இருக்கும். இடம் சிறிது, தெரு தூரம் என்றெல்லாம் சொல்வார்கள். பல ஊர்களில் உண்மையான காரணம் சாதி. ஞாயிற்றுக்கிழமை ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் எடுத்தவர்கள் வெள்ளிக்கிழமை அந்த வீட்டில் தண்ணீர் குடிக்கத் தயங்குகிறார்கள். இதைப் பற்றிக் கூட்டத்தில் பிரசங்கம் செய்வதைவிட, அடுத்த சுற்றின் முதல் கூட்டத்தை அந்த வீட்டில் வைத்து, நீங்களும் உங்கள் குடும்பமும் முதலில் போய் உட்கார்ந்து கொடுத்ததை உண்பதே வழி. யாராவது வராமல் போனால் போகட்டும். அவர்களிடம் பிறகு தனியே பேசலாம்.

சந்திப்பில் முக்கால் பங்கு நேரம் கேட்பதற்குரியது. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் செய்தவற்றில் சிறந்தது அதுதான். பேசத் தொடங்கிய பிறகுதான் கெட்டது. கேட்டு முடித்தபின், அவர்கள் சொன்ன நிலைமைக்குப் பொருந்துகிற சில வசனங்களை வாசித்து, அவர்கள் சொன்ன பெயர்களையும் காரியங்களையும் குறிப்பிட்டு ஐந்து நிமிடத்துக்குள் ஜெபித்து எழுந்துவிடுங்கள். ஜெபத்துக்குள் புத்திமதி சொல்வது மிகவும் தவறான பழக்கம். 'ஆண்டவரே, இந்தச் சகோதரர் இனிமேலாவது பொறுமையாக இருக்க உதவும்' என்பது தேவனிடம் பேசுவதல்ல. எதிரே கண்மூடி இருப்பவரைக் கண்டிப்பது.

ஒரே மருந்தை எல்லாருக்கும் கொடுக்க முடியாது என்பதை 1 தெசலோனிக்கேயர் 5:14 தெளிவாக வைத்திருக்கிறது. ஒழுங்கில்லாதவருக்குப் புத்தி, திடனற்றவருக்குத் தேறுதல், பலவீனருக்குத் தாங்குதல், எல்லாரிடத்திலும் நீடிய சாந்தம். மனம் சோர்ந்தவருக்குப் புத்தி சொல்லி அனுப்புவதும், சோம்பலால் கெடுகிறவரைத் தட்டிக்கொடுத்துவிட்டு வருவதும் நடக்கிற தவறுகள். எதிரே இருப்பவர் இம்மூவரில் யார் என்று தெரியாத நாளில் சாந்தமாக இருந்துவிட்டு வரலாம்.

நோயும் சாவும்

மருத்துவமனைச் சந்திப்பு பத்து நிமிடம். வார்டில் சத்தமாக ஜெபிக்காதீர்கள். பக்கத்துப் படுக்கையில் இருப்பவருக்கும் வலி உண்டு. இதே நோயால் இறந்தவரின் கதையை அங்கே சொல்லக் கூடாது என்பதை எழுத வேண்டியிருப்பதே வருத்தம்தான். அரசு மருத்துவமனையில் நோயாளிக்கு எப்போதும் ஒருவர் துணைக்கு இருக்க வேண்டியிருப்பதால், 'இன்று இரவு நாங்கள் இருக்கிறோம், நீங்கள் வீட்டுக்குப் போய்த் தூங்குங்கள்' என்று குழுவில் இருவர் முறைவைத்துச் சொல்வது எந்தப் பழக்கூடையையும்விடப் பெரியது. பெரிய அறுவை சிகிச்சை என்றால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் குடும்பம் பதிவு செய்திருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கு உரிய திட்டம் அது. வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் எடுத்துக்கொண்டு அலைய ஒரு ஆள் கிடைத்தாலே பல வீடுகளில் பாதிப் பாரம் இறங்கிவிடும். யாக்கோபு 5:14 சொல்கிறபடி சபை மூப்பரையும் ஆயரையும் அழைத்து ஜெபிக்கச் செய்யுங்கள். ஆனால் விசுவாசத்தின் பெயரால் மாத்திரையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் உங்களுக்கு இல்லை. மனநோய்க்கான மருந்துக்கும் இது பொருந்தும். அதை 'விசுவாசக் குறைவு' என்று யாராவது பேசினால், தலைவர் அங்கேயே மறுக்க வேண்டும்.

துக்க வீட்டில் அடக்க ஆராதனை முடிந்து ஒரு வாரம்வரை ஆட்கள் நிறைந்திருப்பார்கள். விசாரிப்பு தேவைப்படுவது அதன்பிறகு. இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். வாரிசுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு, குடும்ப ஓய்வூதியம், குடும்ப அட்டையில் பெயர் நீக்கம் என்று அலுவலக வேலைகள் வரிசையாக வரும். கணவர் இருந்தவரை வங்கிக்கே போயிராத ஒரு பெண்ணுக்கு இவற்றில் துணைபோவது ஊழியம்தான். இறந்து ஒரு மாதம் ஆன நாளையும், முதல் திருமண நாளையும் நோட்டில் குறித்து வைத்து அன்றைக்குப் போங்கள். முதல் கிறிஸ்துமஸ் கடினமானது. வீடு வீடாகப் பாடிச் செல்லும் கீதபவனி அந்த வீட்டைத் தாண்டிப் போய்விட வேண்டாம். பாடலாமா, வெறுமனே வந்து ஜெபித்துவிட்டுப் போகலாமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

அடக்கி வைக்க வேண்டியதும் வைக்கக் கூடாததும்

குழுவின் மேலுள்ள நம்பிக்கை ஒரே வாக்கியத்தில் போய்விடும். 'ஜெபத்துக்காகத்தான் சொல்கிறேன்' என்று தொடங்கும் வாக்கியம் அது. புறங்கூறித் திரிகிறவன் இரகசியத்தை வெளிப்படுத்துகிறான் என்று நீதிமொழிகள் 11:13 எச்சரிப்பது ஜெபக்குழுவுக்கும் சேர்த்துத்தான். ஒருவர் தனியே சொன்னதை அவருடைய அனுமதியில்லாமல் குழுவிலும் வாட்ஸ்அப்பிலும் போடக் கூடாது. உங்கள் கணவரிடமோ மனைவியிடமோகூடச் சொல்லக் கூடாது. ஆயரிடம் சொல்ல வேண்டியிருந்தால், 'ஆயரிடம் சொல்லட்டுமா, அல்லது நாம் இருவரும் சேர்ந்து போகலாமா?' என்று அவரிடமே கேளுங்கள்.

அதே வேளையில், 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று கேட்பதற்கு முன்னாலேயே சத்தியம் செய்யாதீர்கள். சிலவற்றை அடக்கி வைக்க முடியாது. ஒரு பிள்ளை பாலியல் வன்முறைக்கு ஆளாகியிருப்பது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டியது அறிந்தவர் எவருக்கும் கடமை. தெரிவிக்காமல் இருப்பது தண்டனைக்குரியது. குடும்ப மானம், சபையின் பெயர், குற்றம் செய்தவர் ஊழியர் என்பது எதுவும் விலக்கு ஆகாது. 1098 என்ற சிறார் உதவி எண்ணையும் அழைக்கலாம். கணவரிடம் அடிவாங்கும் பெண்ணிடம் 'பொறுத்துப் போ, ஜெபத்தில் மாறுவார்' என்று மட்டும் சொல்லி அனுப்புவது அவளை ஆபத்துக்குள் திருப்பி அனுப்புவது. அவளுக்குத் தெரியாமல் கணவரிடம் நியாயம் பேசப் போவது அதைவிட ஆபத்து. 181 என்ற மகளிர் உதவி எண்ணையும், 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார் என்பதையும் அவளுக்குத் தெரியப்படுத்துங்கள். எப்போது எதைச் செய்வது என்பதை அவள் முடிவுசெய்வாள்.

வாழ்க்கையே வேண்டாம் என்ற தொனியில் ஒருவர் பேசினால், 'சாக வேண்டும் என்று நினைக்கிறீர்களா?' என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக உண்டாவதில்லை. கேட்க ஆள் இருக்கிறதே என்ற ஆறுதல்தான் பலருக்கு உண்டாகிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலுள்ள பூச்சிமருந்தையும் மிகுதியான மாத்திரைகளையும் அப்புறப்படுத்துங்கள். வீட்டாரில் அவர் நம்பும் ஒருவரை அழைத்து, அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம். ஜெபம் இவற்றோடு சேர்ந்து நடக்கட்டும். தற்கொலை பாவம் என்ற விளக்கத்துக்கு அது நேரமல்ல.

பணம்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். குழுவினரிடம் கடன் வாங்காதீர்கள், கொடுக்காதீர்கள், ஒருவருக்காக இன்னொருவரிடம் ஜாமீன் நிற்காதீர்கள், சீட்டும் நெட்வொர்க் வியாபாரமும் குழுவுக்குள் நுழைய விடாதீர்கள். உதவி தேவைப்படும் வீட்டுக்குச் சபையின் உதவி நிதியிலிருந்து, குறைந்தது இருவர் அறிய, ஆனால் குழுவுக்குப் பெயர் தெரியாமல் போய்ச்சேர வேண்டும். வாரத் தவணைக் குழுக்கடனில் சிக்கியிருக்கும் பெண்களுக்கு இன்னொரு கடன் உதவி அல்ல. எல்லாக் கடன்களையும் ஒரு தாளில் எழுதி, எதை முதலில் அடைப்பது என்று பொறுமையாக உடன் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் தேவை. அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில், பந்தி விசாரிப்பில் தங்கள் விதவைகள் விடுபட்டதாகக் கிரேக்கரிடையே முறுமுறுப்பு எழுந்தபோது, அப்போஸ்தலர் தாங்களே ஓடாமல் அதற்கென்று நற்சாட்சி பெற்ற ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் செய்தார்கள். உங்கள் குழுவிலும் கணக்குத் தெரிந்த ஓர் ஓய்வுபெற்ற அண்ணன் இருப்பார்.

தலைவரின் பாரம்

பத்து வீட்டுத் துயரத்தைக் கேட்கிறவருக்குத் தம்முடையதைச் சொல்ல ஓர் இடம் வேண்டும். மாதம் ஒருமுறை ஆயரிடமோ வேறு குழுத்தலைவர் ஒருவரிடமோ உட்கார்ந்து, பெயர்களை விட்டுவிட்டு, உங்கள் மனத்தை அழுத்துவதைப் பேசுங்கள். வாரத்தில் ஒரு மாலை உங்கள் வீட்டாருக்கு உரியது; அந்த நாளில் அவசர அழைப்புகளை உதவித்தலைவர் எடுக்கட்டும். உங்களைத் தவிர வேறு யாரிடமும் பேச மாட்டேன் என்று ஒருவர் சொல்லத் தொடங்கினால் பெருமைப்படாமல் எச்சரிக்கையாகுங்கள். அடுத்த சந்திப்புக்கு இன்னொருவரையும் அழைத்துப் போங்கள்.

மாற்றலாகியோ வயதாகியோ தலைமையை விடும்போது, அறிவிப்பு மட்டும் கொடுத்து ஒதுங்கிவிடாதீர்கள். புதிய தலைவரை ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்துச் சென்று அறிமுகப்படுத்த ஒரு மாதமாவது எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டுப் புத்தகத்தை அப்படியே கொடுக்காமல், அந்தந்தப் பக்கத்துக்கு உரியவரிடம் கேட்டு, அவர் சம்மதித்ததை மட்டும் புதிய நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் பழையதைக் கிழித்துவிடுங்கள்.